3,000 வொன் கேட்டபோது

2002 நவம்பரில் தென்கொரியா ஒரு மைல்கல்லைத் தொட்டது. பிராட்பேண்ட் இணைப்பு வைத்திருப்போர் எண்ணிக்கை அந்த மாதம் ஒரு கோடியைத் தாண்டியது. மொத்த மக்கள்தொகையே ஐந்து கோடிக்கும் குறைவு; அப்படியென்றால் பெரும்பாலான வீடுகளில் இணைப்பு வந்துவிட்டது என்று பொருள். உலகில் வேறெந்த நாடும் அன்று அந்த விகிதத்தை எட்டியிருக்கவில்லை.

அதே மாதம், அந்த இணைப்பு வழியே கொரியர்கள் அதிகம் போய்வந்த இடங்களில் ஒன்றான ஃப்ரீச்சல் என்ற குழுத் தளம் தன் உறுப்பினர்களுக்கு ஒரு கெடு விதித்தது. அங்கே குழு நடத்துபவர்கள் இனி மாதம் 3,000 வொன் கட்ட வேண்டும். கட்டாத குழு மூடப்படும்.

3,000 வொன் பெரிய தொகை அல்ல. அன்றைய மாற்று விகிதத்தில் இரண்டரை டாலர். நம் கணக்கில் ஏறக்குறைய 120 ரூபாய். கொரியாவில் பி.சி. பாங் என்று அழைக்கப்படும் இணைய விளையாட்டு மையத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் செலவாகிவிடும் பணம். ஆனாலும் அந்தச் சிறு தொகை ஒரு நிறுவனத்தைச் சாய்த்தது. இன்னொரு நிறுவனத்தை நாட்டின் உச்சிக்கு ஏற்றியது. இலவசமாகக் கொடுத்துவந்த ஒன்றுக்குக் காசு வாங்கப்போகிறோம் என்று கொரியாவில் எந்த நிறுவனம் அறிவித்தாலும், அங்குள்ள பத்திரிகைகள் இன்றும் முதலில் நினைவுபடுத்தும் பெயர் ஃப்ரீச்சல்தான்.

கொரியர்கள் இணையத்துக்குக் காசு கொடுத்துப் பழகாதவர்கள், அதனால்தான் ஓடினார்கள் என்று இதற்கு எளிதாக விளக்கம் சொல்லிவிடலாம். அந்த விளக்கம் தவறு. உலகளாவிய இணையம் வீட்டுக்குள் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அவர்கள் மாதாமாதம் சந்தா கட்டிக்கொண்டிருந்தார்கள்.

1980களின் கடைசியிலும் 1990களிலும் கொரியாவில் இருந்தது தொலைபேசி வழிக் கணினித் தொடர்பு. ஹைடெல், சோலியான், நாவ்நூரி, யூனிடெல் ஆகிய நான்கும் அதில் பெரிய பெயர்கள். வீட்டுத் தொலைபேசிக் கம்பியை மோடத்தில் செருகி, 01410 என்ற எண்ணைச் சுழற்றினால், கீச்சென்ற ஓசைக்குப் பின் நீலத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரும். படம் கிடையாது, எழுத்து மட்டுமே. உள்ளே நுழைந்தவர் வெளியே வரும்வரை அந்த வீட்டுக்கு வேறு அழைப்பு வராது. மாதச் சந்தா சுமார் 10,000 வொன். தொலைபேசிக் கட்டணம் தனி. மாதக் கடைசியில் பில் வந்ததும் பல வீடுகளில் சண்டை நடக்கும்.

அந்த நீலத் திரைக்குள்தான் கொரியாவின் முதல் இணைய மன்றங்கள் முளைத்தன. கால்பந்து ரசிகர்கள், சினிமா பைத்தியங்கள், கவிதை எழுதுபவர்கள், ராக் இசைக்காரர்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு மன்றம். 2002 உலகக் கோப்பையின்போது சிவப்புச் சட்டையோடு தெருக்களை நிறைத்த ரெட் டெவில்ஸ் ரசிகர் படையின் வேர், 1990களின் நடுவில் ஹைடெல் கால்பந்து மன்றத்தில் கூடியவர்களிடம் இருந்து வந்தது. கிம் ஹோ-சிக் என்ற இளைஞர் தன் காதலியைப் பற்றி 1999இல் நாவ்நூரியில் தொடராக எழுதியவைதான் 2001இல் வெளியான ‘மை சாஸி கேர்ள்’ படத்துக்கு அடிப்படை. பணம் கட்டி உள்ளே போய், காசு வாங்காமல் எழுதி, ஒருவரையொருவர் சந்தித்துக்கொண்ட கூட்டம் அது. சந்தாவை யாரும் அநீதியாக நினைக்கவில்லை. வாசலில் கட்டணம் என்பது முதல் நாளிலிருந்தே தெரிந்திருந்தது.

பிறகு 1997 வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 21 அன்று கொரிய அரசு பன்னாட்டு நாணய நிதியத்திடம் (ஐ.எம்.எஃப்) உதவி கேட்கப்போவதாக அறிவித்தது. டிசம்பர் 3 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. பெருநிறுவனங்கள் சரிந்தன, வாழ்நாள் வேலை என்று நம்பியிருந்தவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். கொரியர்கள் இன்றும் அந்தக் காலத்தை ‘ஐ.எம்.எஃப்’ என்ற மூன்றெழுத்தால்தான் குறிக்கிறார்கள்.

அந்த நெருக்கடியில் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். 1998 தொடக்கத்தில் நாட்டின் கடனை அடைக்க மக்களிடம் தங்கம் கேட்கப்பட்டது. சுமார் 35 லட்சம் பேர் வரிசையில் நின்றார்கள். கல்யாண மோதிரம், குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு வந்த சின்ன மோதிரம், விளையாட்டு வீரர்களின் பதக்கம் எல்லாம் வந்து சேர்ந்தன. சில மாதங்களில் திரண்டது ஏறக்குறைய 227 டன். தங்கத்துக்கு ஈடான வொன் பின்னர் தரப்பட்டது என்றாலும், கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கொடுப்பது கணக்குப் பார்த்துச் செய்யும் காரியம் அல்ல. நான்கு ஆண்டுகள் கழித்து 3,000 வொன்னுக்கு ஓடிப்போனவர்களும் இதே மக்கள்தான். கஞ்சத்தனம் என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியாது.

நெருக்கடியே கொரியாவில் இணையத்துக்கு உரமாகவும் ஆனது. வேலை இழந்தவர்கள் பலர் கைக்கு வந்த இழப்பீட்டுத் தொகையை வைத்து பி.சி. பாங் திறந்தார்கள். 1998இல் ஸ்டார்கிராஃப்ட் விளையாட்டு வந்ததும் அந்தக் கடைகளில் இடம் கிடைக்காமல் போனது. பன்னாட்டு நாணய நிதிய நெருக்கடிக்கு நடுவே பதவியேற்ற கிம் டே-ஜுங் அரசு, பெருநிறுவனங்களை மட்டும் நம்பிய பழைய பாதையை விட்டு, புதுத் தொழில் முனைவோருக்குக் கடனும் வரிச் சலுகையும் கொடுத்தது. 1999 ஏப்ரலில் ஹனரோ நிறுவனம் தொலைபேசிக் கம்பி வழியே அதிவேக இணைப்பைத் தொடங்கியது. மாதத்துக்கு ஒரே கட்டணம். எத்தனை மணி நேரமும் இருக்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்புகள் நெருங்கி நிற்கும் நகரங்களில் ஒரு கட்டடத்துக்குக் கம்பி போட்டால் நூறு வீடுகளுக்கு இணைப்பு. நீலத் திரைக் காலம் இரண்டே ஆண்டில் முடிந்துபோனது.

புதிய இணையத்தில் எல்லாமே இலவசம். டாவும் நிறுவனம் 1997இல் இலவச மின்னஞ்சலைக் கொண்டுவந்தது. 1999இல் ‘கஃபே’ என்ற பெயரில் இலவசக் குழுக்களைத் திறந்தது. காசு எங்கிருந்து வந்தது? பங்குச் சந்தையில் இருந்து. அமெரிக்காவின் நாஸ்டாக்கைப் பார்த்து 1996இல் உருவாக்கப்பட்ட காஸ்டாக் சந்தை, 1999இல் வெறி பிடித்ததுபோல் ஏறியது. உறுப்பினர் எண்ணிக்கையைக் காட்டினாலே முதலீடு வந்தது. லாபம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அன்றைய வேதம்.

இந்தச் சூழலில்தான் சாம்சங்கில் வேலை பார்த்துவந்த ஜொன் ஜே-வான் 1999இல் தன் நிறுவனத்தைத் தொடங்கினார். சுதந்திரம், சவால் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டிப் பிறந்த பெயர் ஃப்ரீச்சல். 2000 ஜனவரியில் தளம் திறந்தது. யார் வேண்டுமானாலும் தனக்கென ஒரு குழுவைத் தொடங்கலாம்; எழுதப் பலகைகள், படங்களுக்கு ஆல்பம், அரட்டை அறை எல்லாம் கிடைக்கும். குழுவைத் தொடங்கியவருக்கு ‘மாஸ்டர்’ என்று பட்டம். கல்லூரி வகுப்புகள், பள்ளி நண்பர்கள், மலையேறிகள், தேவாலய இளைஞர்கள், ஒரே மாதிரி கார் வைத்திருப்பவர்கள் என்று கூட்டம் கூட்டமாக வந்தார்கள். இரண்டரை ஆண்டுகளில் குழுக்களின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியது.

ஆனால் சந்தை அதற்கு முன்பே கவிழ்ந்துவிட்டது. காஸ்டாக் குறியீடு 2000 மார்ச் 10 அன்று 2,834 புள்ளிகளில் இருந்தது. அந்த ஆண்டு முடியும்போது அது 525. அதே மார்ச் 10 அன்றுதான் அமெரிக்க நாஸ்டாக்கும் 5,048 என்ற உச்சத்தைத் தொட்டது. 2002 அக்டோபர் 9இல் அது 1,114க்கு இறங்கியிருந்தது. முதலீடு நின்றது, விளம்பரம் கொடுத்த புதிய நிறுவனங்கள் தாங்களே காணாமல் போயின. அமெரிக்காவில் 1998 நவம்பரில் பங்கு வெளியிட்ட முதல் நாளிலேயே 606 சதவீதம் ஏறிய ‘தி குளோப்’ என்ற இணையக் குழுத் தளம் 2001 ஆகஸ்டில் மூடப்பட்டது. மூன்று ஆண்டுகூட ஆகவில்லை.

குழுத் தளங்களுக்கு இந்தச் சரிவில் ஒரு தனித் துன்பம் இருந்தது. செய்தித் தளம் என்றால் வருமானம் குறையும்போது ஆட்களைக் குறைக்கலாம், கட்டுரைகளைக் குறைக்கலாம். குழுத் தளத்தில் உறுப்பினர்கள் எழுதுவதையும் படம் ஏற்றுவதையும் யார் நிறுத்துவது? 2000களின் தொடக்கத்தில் டிஜிட்டல் கேமரா கொரிய இளைஞர்களின் கைக்கு வந்தது. ஒரு சுற்றுலா போய்வந்தால் நூறு படங்கள் ஏறும். வட்டில் இடம், சர்வர், இணைப்பு எல்லாமே கூடிக்கொண்டே போகும். கூட்டம் பெருகப் பெருக நஷ்டமும் பெருகியது.

ஃப்ரீச்சலின் கடன் ஏறியது. வழிகள் சில இருந்தன. சேக்ளப் என்ற அரட்டைத் தளத்தை நடத்திய நியோவிஸ் நிறுவனம் 2000 கடைசியில் ஒரு புது வழியைக் கண்டிருந்தது. அரட்டை இலவசம், ஆனால் திரையில் உங்களைக் குறிக்கும் பொம்மை உருவம் உள்ளாடையோடு நிற்கும். அதற்குச் சட்டை, தொப்பி, காலணி வேண்டும் என்றால் காசு. பிள்ளைகளிடம் கடன் அட்டை கிடையாதே? அதற்கும் கொரியாவில் விடை இருந்தது. செல்போன் எண்ணைத் தட்டினால் தொகை மாதாந்தர போன் பில்லில் சேர்ந்துவிடும். இல்லாத சட்டைக்கு யார் காசு கொடுப்பார்கள் என்று பெரியவர்கள் தலையில் அடித்துக்கொண்டிருந்தபோது பணம் கொட்டியது. ஃப்ரீச்சலும் இந்த அவதார் வியாபாரத்தில் இறங்கியது. அது ஓரளவு கைகொடுத்தது. கடனை அடைக்கப் போதவில்லை.

அப்போதுதான் ஒரு கணக்கு போடப்பட்டது. பத்து லட்சம் குழுக்கள், குழுவுக்கு 3,000 வொன் என்றால் மாதம் 300 கோடி வொன். பாதிப் பேர் கட்டினாலும் போதும். காகிதத்தில் பிழையே இல்லாத கணக்கு அது.

ஒரு குழுவுக்குள் போய்ப் பார்த்தால்தான் கணக்கு எங்கே இடிக்கிறது என்பது தெரியும். கல்லூரியில் ஒரே ஆண்டு சேர்ந்த நாற்பது பேர் கொண்ட குழு என்று வைத்துக்கொள்ளலாம். அதைத் தொடங்கியவர் ஒரு மாணவர். தேர்வு அட்டவணை போடுவது, சுற்றுலாப் படங்களை ஏற்றுவது, சண்டை வந்தால் சமாதானம் செய்வது, புது ஆளைச் சேர்ப்பது எல்லாம் அவர் வேலை. இதற்கு அவருக்குக் கிடைத்தது ‘மாஸ்டர்’ என்ற பட்டம் மட்டுமே. கட்டண அறிவிப்பு வந்ததும், அதிகம் உழைத்த அந்த ஒருவர் தலையில்தான் 3,000 வொன்னும் விழுந்தது. மற்ற 39 பேருக்கு எந்தக் கட்டணமும் இல்லை. அவர் தன் கையிலிருந்து கட்டலாம். அல்லது நண்பர்களிடம் தலைக்கு 75 வொன் கேட்டு ஒவ்வொரு மாதமும் அலையலாம். இரண்டுமே அவமானம். மூன்றாவது வழி ஒன்று இருந்தது. ‘டாவும் கஃபேயில் புதுக் குழு திறந்திருக்கிறேன், எல்லாரும் அங்கே வாருங்கள்’ என்று பலகையில் ஒரு வரி எழுதினால் போதும். மாஸ்டர் போனால் குழுவே போகும்.

அப்படித்தான் போனார்கள். 2002 நவம்பர் 14 முதல் கட்டணம் நடைமுறைக்கு வந்தது. லட்சக்கணக்கான குழுக்கள் ஃப்ரீச்சலைக் காலி செய்தன. கோபம் விலையைவிட, கேட்ட முறையின் மீதுதான் அதிகம் இருந்தது. கட்டாவிட்டால் மூடிவிடுவோம் என்ற வாசகத்தை மறக்க யாரும் தயாராக இல்லை. குழுவில் இருந்த எழுத்தும் படமும் உறுப்பினர்கள் போட்டவை. அவற்றைப் பணயம் வைத்துப் பணம் கேட்கிறார்கள் என்றே அவர்களுக்குப் பட்டது. அந்த உணர்வில் நியாயம் இருந்தது. நிறுவனம் தந்தது இடம். அந்த இடத்துக்கு மதிப்பை உண்டாக்கியவர்கள் குடியிருந்தவர்கள்.

அடுத்த அடி உடனே விழுந்தது. பங்கு மூலதனம் கட்டப்பட்டதாகப் போலியாகக் காட்டியது தொடர்பான குற்றச்சாட்டில் 2002 டிசம்பரில் ஜொன் ஜே-வான் கைதானார். கட்டணம் கட்டத் தயாராக இருந்தவர்களின் நம்பிக்கையும் அத்துடன் போனது. மறு ஆண்டு ஃப்ரீச்சல், சேரோம் டெக்னாலஜி என்ற நிறுவனத்தின் கைக்கு மாறியது; குழுக்கள் மறுபடி இலவசமாயின. போனவர்கள் திரும்பவில்லை.

அவர்கள் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று சைவேர்ல்ட். 1999இல் தொடங்கி, பெரிதாக யாரும் கவனிக்காமல் ஓடிக்கொண்டிருந்த தளம் அது. 2001இல் ‘மினி ஹோம்பி’ என்ற தனிப்பட்ட குட்டிப் பக்கங்களை அறிமுகப்படுத்தியிருந்தது. ஃப்ரீச்சலில் இருந்து கிளம்பிய கூட்டம் அங்கே வந்து இறங்கியதும் வளர்ச்சி பிய்த்துக்கொண்டு போனது. 2003இல் எஸ்.கே. கம்யூனிகேஷன்ஸ் அதை வாங்கியது. சில ஆண்டுகளில் கொரியாவின் இருபதுகளில் இருந்தவர்களில் சைவேர்ல்ட் பக்கம் இல்லாதவரைப் பார்ப்பது அரிதானது.

சைவேர்ல்டும் காசு வாங்கியது என்பதை மறந்துவிடக் கூடாது. ‘டொடோரி’ என்ற அதன் நாணயத்துக்குப் பெயர் ஓக் மரத்துக் கொட்டையில் இருந்து வந்தது; ஒன்று 100 வொன். தன் குட்டிப் பக்கத்துக்குச் சுவர்த்தாள், மேசை, பின்னணிப் பாட்டு எல்லாம் டொடோரி கொடுத்து வாங்க வேண்டும். பிறந்தநாளுக்கு நண்பருக்கு டொடோரி பரிசளிப்பார்கள். ஒரு பாட்டு ஐந்தாறு டொடோரி. மாதம் 3,000 வொன் என்று கேட்டபோது ஓடியவர்களில் எத்தனையோ பேர் இங்கே அதைவிட அதிகமாகச் செலவழித்தார்கள். இங்கே யாரும் யாருடைய படத்தையும் அழித்துவிடுவேன் என்று சொல்லவில்லை. வாங்காதவர் பக்கமும் அப்படியே இருந்தது.

கேட்கும் விதத்தில் தவறியது ஃப்ரீச்சல் மட்டும் அல்ல. டாவும் நிறுவனமே அதே 2002 ஏப்ரலில் ‘ஆன்லைன் தபால்தலை’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பும் நிறுவனங்கள் அதற்குக் கட்டணம் கட்ட வேண்டும். குப்பை அஞ்சலைத் தடுக்கத்தான் என்று சொன்னார்கள், நோக்கம் கெட்டதல்ல. ஆனால் பல வணிகத் தளங்கள் டாவும் மின்னஞ்சல் முகவரியோடு பதிவுசெய்யக் கூடாது, வேறு முகவரி தாருங்கள் என்று சொல்லத் தொடங்கின. மக்கள் இரண்டாவது முகவரியை வேறெங்கோ திறந்தார்கள். காலப்போக்கில் அதுவே முதல் முகவரி ஆனது. 2005இல் திட்டம் கைவிடப்பட்டபோது போட்டித் தளமான நேவர் முன்னேறிவிட்டிருந்தது.

இதே காலத்தில் பசிபிக் கடலுக்கு அப்பால் அமெரிக்காவிலும் இதே நெருக்கடி. அங்கே பதில்கள் வேறுவேறாக வந்தன. சலோன் இதழ் 2001 ஏப்ரலில் ஆண்டுக்கு 30 டாலர் சந்தாவைக் கொண்டுவந்தது. தொழில்நுட்ப விவாதங்களுக்குப் பேர்போன ஸ்லாஷ்டாட், 2002 மார்ச்சில் 5 டாலருக்கு ஆயிரம் பக்கங்கள் விளம்பரமில்லாமல் என்று விற்றது. வலைப்பதிவுத் தளமான லைவ்ஜர்னல் இன்னொரு பாதையில் போனது. 2001 செப்டம்பர் முதல் 2003 டிசம்பர் வரை அங்கே இலவசமாகச் சேர ஏற்கெனவே இருக்கும் உறுப்பினரின் அழைப்புக் குறியீடு வேண்டும். இல்லையென்றால் பணம் கட்டிச் சேரலாம். சர்வர் தாங்கும் அளவுக்கு மட்டும் கூட்டத்தைச் சேர்த்துக்கொள்ளும் உத்தி அது.

இவற்றில் நின்று பார்க்க வேண்டியது எல்.டபிள்யூ.என் கதை. லினக்ஸ் நிரலாளர்களுக்கான வாராந்தரச் செய்தித் தளம். 1998 ஜனவரியில் ஜோனதன் கார்பெட், எலிசபெத் கூல்பா இருவரும் கொலராடோவில் தொடங்கியது. விளம்பரம் வற்றியது. நடுவில் வேறு நிறுவனம் வாங்கி, பிறகு விட்டுவிட்டது. 2002 ஜூலைக் கடைசியில் ஆசிரியர்கள் வாசகர்களிடம் நிலைமையை ஒளிக்காமல் சொன்னார்கள்: பணம் தீர்ந்துவிட்டது, நிறுத்தப்போகிறோம். சந்தா கட்டு என்றோ கெடு என்றோ அதில் எதுவும் இல்லை. வெறும் விடைபெறல்.

வாசகர்கள் விடவில்லை. நன்கொடை வந்து குவிந்தது. சந்தா வைத்தால் கட்டுகிறோம் என்று அவர்களே சொன்னார்கள். சில மாதங்களில் சந்தா முறை வந்தது. அதில் பல தட்டுகள். கையில் காசில்லாதவருக்கான தட்டுக்குப் பட்டினி நிரலாளர் என்றே பெயர். யார் எந்தத் தட்டில் சேர்வது என்பது அவரவர் மனசாட்சி. யாரும் சம்பளச் சான்றிதழ் கேட்கவில்லை. சந்தாக்காரர் புதிய இதழை உடனே படிக்கலாம். மற்றவர்கள் கொஞ்ச நாள் காத்திருந்தால் இலவசமாகவே படிக்கலாம். பழைய எழுத்துகள் எதற்கும் பூட்டு இல்லை. சந்தாதாரர் தனக்குப் பிடித்த கட்டுரையை நண்பருக்கு முன்கூட்டியே திறந்து காட்டவும் வழி வைத்தார்கள். எல்.டபிள்யூ.என் இன்றும் அதே சந்தா முறையில் நடக்கிறது. அன்று அதற்குப் பக்கத்தில் வைக்கவே முடியாத அளவு பெரிய தளங்கள் பல இன்று இல்லை.

பன்னிரண்டு ஆண்டு கழித்து மெட்டாஃபில்டர் என்ற அமெரிக்க விவாதக் குழுவிலும் ஏறத்தாழ இதுவே நடந்தது. 1999இல் மாத் ஹாவி தொடங்கிய தளம். 2004 முதல் புதிதாகச் சேர ஆயுளுக்கு ஒரே முறை 5 டாலர். அதன் உண்மையான வருமானம் கூகுள் தேடல் வழியே வந்து எட்டிப்பார்ப்பவர்களுக்குக் காட்டும் விளம்பரத்தில் இருந்து வந்தது. 2012 நவம்பரில் கூகுள் தன் தேடல் முறையை மாற்றியதும் அந்த வரத்து 40 சதவீதம் விழுந்தது. 2014 மே மாதம் ஹாவி கணக்கை உறுப்பினர்கள் முன் விரித்து வைத்தார். நெறியாளர் சிலரை வேலையிலிருந்து அனுப்ப வேண்டியிருக்கிறது என்று எழுதினார். மாதாமாதம் பணம் தருகிறோம் என்று உறுப்பினர்கள் முன்வந்தார்கள்.

ஃப்ரீச்சலில் இப்படிக் கேட்டிருந்தால் நடந்திருக்குமா? பத்து லட்சம் குழுக்களையும் காப்பாற்றியிருக்க முடியாது. அதன் செலவும் கடனும் எல்.டபிள்யூ.என் போன்ற சிறு தளத்தின் செலவோடு ஒப்பிடத்தக்கவை அல்ல. ஆனால் உயிரோடு இயங்கிய குழுக்களில் கணிசமானவை நின்றிருக்கும் என்று நம்ப இடமிருக்கிறது. சுமையை மாஸ்டர் ஒருவர் மீது மட்டும் வைக்காமல் இருந்திருந்தால், பழைய படங்களைத் தொடமாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருந்தால், கூடுதல் இடத்துக்கு மட்டும் காசு வாங்கியிருந்தால், கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தவர்கள் 3,000 வொன்னையும் கொடுத்திருப்பார்கள்.

ஃப்ரீச்சல் 2011இல் திவாலானது. 2013 பிப்ரவரியில் குழுச் சேவையும் நிறுத்தப்பட்டது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஏற்றிய வகுப்புப் படங்களும் கடிதங்களும் அங்கே கிடப்பதையே மறந்துபோயிருந்த பலர், மூடப்போகும் செய்தியைக் கேட்டுத்தான் நினைத்துப் பார்த்தார்கள். சைவேர்ல்டுக்கும் நல்ல முடிவு வாய்க்கவில்லை. திறன்பேசிக் காலத்தில் முகநூலிடம் தோற்று, கை மாறி, 2016இல் வந்து சேர்ந்தது ஜொன் ஜே-வானிடமே. எந்தத் தளத்தைத் தன் முடிவால் அறியாமல் வளர்த்துவிட்டாரோ அதையே அவர் காப்பாற்ற வந்தார். முடியவில்லை. 2019 அக்டோபரில் தளம் திடீரென முடங்கியபோது, இளமைக்காலப் படங்கள் முழுவதையும் அங்கே விட்டுவைத்திருந்த தலைமுறை பதறிப்போனது.

இவர்கள் எல்லாருக்கும் மூத்ததான ஒரு குழுவின் கணக்கையும் இங்கே வைத்துப் பார்ப்பது நல்லது. கலிஃபோர்னியாவின் சாசலிட்டோ ஊரில் 1985இல் ஸ்டூவர்ட் பிராண்ட், லேரி பிரில்லியண்ட் இருவரும் தொடங்கிய ‘தி வெல்’ முதல் நாளிலிருந்தே கட்டணக் குழு: மாதம் 8 டாலர், அதன் மேல் மணிக்கு 2 டாலர். கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவின் ரசிகர்கள் மணிக்கணக்கில் உள்ளே இருந்து அதன் பில்லில் பெரும்பங்கைக் கட்டினார்கள். அவரவர் எழுத்து அவரவருக்கே சொந்தம் என்பது அங்கே தொடக்க விதி. 1999இல் சலோன் அதை வாங்கியது. சலோனே தள்ளாடி விற்க முன்வந்தபோது, 2012இல் நெடுநாள் உறுப்பினர்கள் சிலர் சேர்ந்து 4 லட்சம் டாலர் கொடுத்துத் தங்கள் குழுவைத் தாங்களே வாங்கினார்கள். வாடகைக்கு இருந்தவர்கள் வீட்டை வாங்கிக்கொண்டதைப் போன்ற காரியம்.

தமிழுக்கு இந்த வரலாறு அன்னியம் அல்ல. 2000களின் தொடக்கத்தில் ராயர் காப்பி கிளப், மரத்தடி, அகத்தியர் எனத் தமிழ் எழுதியவர்கள் கூடிய இடங்கள் யாஹூ குழுமங்கள். இலக்கியச் சண்டையும் பழந்தமிழ் ஆராய்ச்சியும் ஒரே மூச்சில் நடந்த திண்ணைகள் அவை. இன்று பெயர் பெற்ற எழுத்தாளர்கள் சிலர் அங்கே எழுதிப் பழகியவர்கள். யாரும் ஒரு காசு கேட்கவில்லை, யாரும் கொடுக்கவில்லை. 2019 அக்டோபரில் யாஹூ தன் குழுமங்களில் இருந்த எல்லாவற்றையும் அழிக்கப்போவதாக அறிவித்தது. எடுத்துக்கொள்ள விரும்புவோருக்குத் தந்த காலம் 2020 ஜனவரிக் கடைசியோடு முடிந்தது. 2020 டிசம்பரில் சேவையே மூடப்பட்டது. முன்யோசனையாகச் சிலர் எடுத்து வைத்தவை தவிர மற்றவை போயின. ஃப்ரீச்சலாவது 3,000 வொன் கேட்டது. இங்கே கொடுக்க ஆளிருந்தாலும் வாங்க ஆளில்லை.

இன்று ஊர்க் குழு, பள்ளி நண்பர்கள் குழு, கல்வெட்டுப் படங்கள் சேர்க்கும் குழு, சமையல் குறிப்புக் குழு என்று தமிழர்களின் எழுத்தும் படமும் முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் குவிந்து கிடக்கின்றன. அந்த நிறுவனங்கள் நாளை கட்டணம் கேட்கலாம், கேட்காமலே மூடலாம். உங்கள் குழுவை நடத்துபவர் யாரென்று உங்களுக்குத் தெரியும். முக்கியமான பதிவுகளையும் படங்களையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது வெளியே எடுத்து இரண்டு மூன்று இடங்களில் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். அதற்கு வட்டோ சேமிப்பு இடமோ வாங்க வேண்டுமென்றால் அந்தச் செலவை அவர் ஒருவர் தலையில் விடாமல் எல்லாருமாகப் பகிர்ந்துகொள்ளுங்கள்.